முத்திரை படகேறிய செவ்வாய்க்கிழமை

அரூரில் பதினான்கு ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்கிறேன். பாகப்பிரிவினை, வண்டிப்பாதைத் தகராறு, ஜீவனாம்சம், வாரிசுச் சான்றிதழ் என்று என் மேசைக்கு வரும் கட்டுகளில் எல்லாம் மண் வாசம்தான் அடிக்கும். ஆனால் நான் எம்.எல். படித்தது சர்வதேசச் சட்டம். விரும்பி எடுத்தேன் என்று சொன்னால் பொய். சொத்துச் சட்டப் பிரிவுக்குத்தான் விண்ணப்பித்தேன். என் முறை வருவதற்குள் அங்கே இடம் தீர்ந்துவிட்டது. ஆய்வுக்குத் தலைப்பு கொடுத்த நாளன்று எனக்குக் காய்ச்சல். மற்றவர்கள் அகதிகள், போர்க் குற்றங்கள், எல்லை நதிகள் என்று கேட்டதும் கவனம் ஈர்க்கும் தலைப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு, எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: உல்லாசக் கப்பல்களும் துறைமுகக் கட்டமைப்பும் பற்றிய சர்வதேசச் சட்டம்.

எங்கள் மாவட்டத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாளுக்குக் குறையாது. இருந்தாலும் படிக்கப் படிக்க அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பேரூராட்சி அளவுக்கு ஜனம் ஒரே கப்பலில் இருக்கிறது. சமையற்கட்டு, ஆஸ்பத்திரி, மின்சாரம், சாக்கடை எல்லாம் உள்ளேயே உண்டு. அத்தனை இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஊர் அல்ல, கப்பல்தான். எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் கப்பலுக்குள் நடக்கும். ஆனால் கப்பல் வந்து நிற்கும் தண்ணீர் வேறொரு நாட்டுடையது. ஏறி இறங்கும் ஜெட்டியும், அதாவது கடலுக்குள் நீளும் அந்தத் துறைமேடையும், அந்த நாடு கட்டியது. கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரில்தான் பாதி வழக்குகள் விழுகின்றன. இதை நூற்றறுபது பக்கம் எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.

அரூர் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரமே அது வேடிக்கையாகிவிட்டது. வக்கீல்கள் கூடும் பார் ரூமில் ஒருவர் என்ன படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். கடலைப் பற்றிப் படித்தவர் கடலை விளைகிற ஊருக்கு வந்துவிட்டார் என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கடலை வக்கீல். மாவரைக்கும் மில்லில்கூட அந்தப் பெயர் சொன்னால்தான் என்னை அடையாளம் தெரியும். எனக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. மறந்துபோகாத பெயர் தொழிலுக்கு நல்லது.

அந்தப் பெயர்தான் எனக்கு ஒரே ஒரு கப்பல் வழக்கைக் கொண்டுவந்தது. வழக்கு என்று சொல்வதும் சரியில்லை. கோர்ட்டுக்குப் போகவே இல்லை.

ஒரு மாசி மாதத் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் தையல் அளவு நாடா தொங்கியது. அவசரத்தில் கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாளாம்.

"கப்பல் கேஸு பாக்கற வக்கீலு நீங்கதானுங்களா?" என்று கேட்டாள்.

என் வாழ்க்கையில் ஒரு கப்பல் வழக்கைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் பக்கத்து வீட்டுக்காரர் முன்பு ஒரு பாதைத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு வந்துபோனபோது என் பட்டப்பெயரையும் அதன் காரணத்தையும் கேட்டுக்கொண்டு போயிருந்தார். அன்று காலை இவள் அழுதுகொண்டிருந்தபோது அவர்தான் என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பினாராம்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஃபைலைப் பிரித்தாள். எங்கள் கட்சிக்காரர்களில் இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தவரை அதுவரை நான் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், கப்பல் போகும் ஊர்களின் பட்டியல், ஏஜெண்ட் கொடுத்த கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒப்பந்தத்தில் புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஏறக்குறைய பக்கம் முழுவதும் கோடுதான்.

நடந்தது இது. அவள் கணவர் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு வருடம் லாண்டரி வேலை பார்த்தவர். அங்கிருந்து உல்லாசக் கப்பல் ஒன்றின் லாண்டரிக்குப் போனார். இது இரண்டாவது ஒப்பந்தம். இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த மேசை விரிப்பு மூட்டை ஒன்றைப் பிரித்திருக்கிறார். உள்ளே உடைந்த கண்ணாடிக் கோப்பை கிடந்திருக்கிறது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அடிப்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டன. கப்பல் டாக்டர் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார். ஆனால் உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது, இரண்டு விரலும் மடங்கவில்லை, கை அறுவை செய்யும் டாக்டர் ஒருவர் வாரத்துக்குள் தைத்தாக வேண்டும், கப்பலில் அது முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று காலைதான் கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஒரு சிறு தீவு நாட்டுக்கு வந்து நங்கூரம் போட்டிருந்தது. போன மாதப் புயலில் அந்தத் துறைமுகத்தின் ஜெட்டி பாதி இடிந்துபோனதால் பெரிய கப்பல் அணைய முடியாது. பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கூட்டிப்போய் வருகிறார்கள். ஆனால் கப்பல் ஊழியர்கள் இறங்கக் கூடாது. ஊழியர்களின் அனுமதியில் முத்திரை குத்தும் கட்டடத்தின் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். தொப்பி வாங்கவும் இளநீர் குடிக்கவும் ஆயிரம் பேர் கரைக்குப் போகலாம். கை அறுந்தவர் போக முடியாது. செவ்வாய் மாலை கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகம் ஐந்து நாள் தள்ளி. அங்கே போய்ச் சேருவதற்குள் டாக்டர் சொன்ன வாரம் தாண்டிவிடும்.

அவள் கைப்பேசியைக் காட்டினாள். நீலத் திரையில் ஒரு சின்ன முக்கோணம். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் செயலி அது. கணவர் போன நாளிலிருந்து தினமும் அதைப் பார்ப்பாளாம்.

"நாலு மணி நேரமா அசையாம நிக்குதுங்க," என்றாள். "கரை இந்தா இருக்குது. ஒரு வெரக்கட தூரங்கூட இல்லீங்க."

முதலில் அவரிடம் பேச வேண்டும் என்றேன். வீடியோவில் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கீழ்த்தளத்தில் ஒரு குறுகலான படுக்கையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சிரித்த முகம். எனக்கு வணக்கம் சொல்ல இரண்டு கையையும் சேர்க்கப் போய் வலியில் முகம் சுளித்தார். நான் யார் என்று மனைவி சொன்னதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"பெரிசு பண்ண வேணாங்க மேடம். டாக்டரு நல்லாத்தான் பாத்துக்கறாரு. கம்ப்ளெய்ன்ட்டுன்னு போனா அடுத்த தடவ கூப்புட மாட்டாங்க."

அவர் பயம் நியாயமானது. புகார் செய்ததற்காகக் கப்பல் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று கடல் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை. என் சட்டம் எடுபடாத இடத்தில் அவர் மனைவி பேசினாள்.

"கையி போயிட்டா அப்பறம் காண்ட்ராக்ட்ட எதுலங்க புடிப்பீங்க?"

அவர் கட்டுப்போட்ட கையை இறக்கி ஒருமுறை பார்த்தார். பிறகு அவர், சரி, வக்கீலம்மா சொல்கிறபடி செய்யலாம் என்றார்.

அன்று எனக்குக் கோர்ட்டில் பெரிய வேலை இல்லை. இருந்த ஒரு வாய்தாவைப் பக்கத்து அறை வக்கீலிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பீரோவின் மேல் தட்டிலிருந்து என் பழைய ஆய்வேட்டை இறக்கினேன். பல்லி முட்டை ஓடுகள் உதிர்ந்தன. எனக்கு வேண்டிய பக்கம் ஞாபகத்தில் இருந்தபடியே இருந்தது. தன் துறைமுகத்துக்குள் வந்து நிற்கும் கப்பலில் எவருக்காவது உடனடி மருத்துவம் தேவைப்பட்டால், அந்த நாடு தன் கரையிலுள்ள ஆஸ்பத்திரியை அவருக்குத் திறந்துவிட வேண்டும். உடன்படிக்கையில் அந்தத் தீவு நாடும் கையெழுத்திட்டிருக்கிறது. கப்பலின் கொடி நாடும்தான். பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக என் படிப்பு எனக்குப் பயன்படப் போகிறது என்று நினைத்தபோது, அந்தப் பெண்ணின் கஷ்டத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு குதூகலம் வந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் குதூகலத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் அடித்தேன். கடல் சட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கியிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமை கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய துணியாம். நான் அச்செடுத்த தாள்களை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தன நீளத்த யாரு படிப்பாங்க? அளவு குடுக்கற மாதிரி குடுங்க. கை எவ்ளோ, கழுத்து எவ்ளோ, எப்ப வேணும். அவ்ளோதான்."

வக்கீலம்மா அக்காவானது அப்போதுதான். அவள் சொன்னது சரி என்று எனக்கு உடனே தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பக்கத்தில் எழுதினேன். ஆள் யார், கப்பல் எங்கே நிற்கிறது, எந்தக் கையில் என்ன காயம், டாக்டர் என்ன சொன்னார், உடன்படிக்கையின் எந்த விதி, எந்த நாளுக்குள். அதைக் கப்பல் தலைவருக்கும், ஆள் எடுத்த ஏஜெண்டுக்கும், கொடி நாட்டின் கப்பல் அலுவலகத்துக்கும், அந்தத் தீவைக் கவனிக்கும் நம் தூதரகத்துக்கும், துறைமுக அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

தூதரகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். ஃபைலில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடி நாட்டிலிருந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்று எந்திரம் எழுதிய பதில். ஏஜெண்ட், துறைமுகக் கட்டுப்பாடுகள் எங்கள் கையில் இல்லை என்று எழுதினார். துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியே புயலோடு போய்விட்டதுபோல. இணையத்தில் இருந்த தொலைபேசி எண்ணும் அடிக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்குச் சோர்வாக இருந்தது. எல்லா வாசலையும் தட்டியாயிற்று, திறக்க வேண்டிய வாசலைத் தவிர.

அந்த வாசலைத் திறந்தது அவள்தான். கணவர் கப்பல் போகும் ஊர்களை எல்லாம் முன்கூட்டியே கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அந்தத் துறைமுகத்துக்கு முகநூலில் ஒரு பக்கம் இருந்தது. இடிந்த ஜெட்டியைச் செப்பனிடும் படங்களைத் தினம் ஒன்றாகப் போட்டு வந்தார்கள். அத்தனை படத்துக்கும் இவள் விருப்பம் தெரிவித்திருந்தாள். என் ஒரு பக்கக் கடிதத்தைப் படமெடுத்து அந்தப் பக்கத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பு என்றேன். அதற்குக் கீழே தன் பங்குக்கு, கைப்பேசியே மொழிபெயர்த்த ஆங்கிலத்தில், இவர் என் கணவர், விரல் இரண்டும் மடங்கவில்லை, தயவுசெய்து உதவுங்கள் என்று சேர்த்தாள்.

சாயங்காலம் வரை பதில் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். வீட்டில் மாமியார் குழந்தையை வைத்துக்கொண்டு கலங்கிப்போய் இருக்கிறாராம். கப்பல் என்றால் ஏன் கரைக்கு வரக் கூடாது, பஸ் என்றால் ஸ்டாண்டுக்கு வராமல் இருக்குமா என்று அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். நூற்றறுபது பக்கத்தில் நான் எழுதியது அந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். எனக்கு அன்று ஒரு வண்டிப்பாதை வழக்கில் குறுக்கு விசாரணை. பதினோரு மணிக்குக் கோர்ட் வராந்தாவில் சாட்சியோடு பேசிக்கொண்டிருந்தபோது, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். கரகரப்பான, வேலைக்களைப்பு தெரியும் குரல். அந்தத் துறைமுகத்தின் அதிகாரி. முகநூல் செய்தியை அன்று காலைதான் பார்த்தாராம்.

நான் விதி எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். அவர் தடுத்தார்.

"சட்டம் எனக்குத் தெரியும், அம்மணி. என்னிடம் இல்லாதது கூரைதான்."

பிறகு அவர் விளக்கிய விஷயம் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது. அவருக்கு அந்தக் கப்பலிலிருந்து காயம்பட்ட ஊழியர் என்று ஒரு விண்ணப்பமும் வரவே இல்லை. அந்தத் தீவிலுள்ள கப்பல் ஏஜெண்ட், ஓய்வுக்காகக் கரையிறங்க விரும்பும் ஊழியர்கள் என்று ஒரே பட்டியலாகக் கொடுத்திருக்கிறார். அதில் இவர் பெயரும் கிடந்திருக்கிறது. புயலுக்குப் பிறகு ஓய்வுக்காக இறங்குவதை நிறுத்தி வைத்திருப்பதால் பட்டியல் மொத்தமும் மறுக்கப்பட்டுவிட்டது. வேண்டுமென்று செய்தவர் யாருமில்லை. தவறான கட்டத்தில் ஒரு டிக் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவத்துக்காக இறக்குவது வேறு, ஓய்வுக்காக இறங்குவது வேறு என்றேன். அவரும் அதையேதான் சொன்னார். கப்பல் டாக்டரின் கடிதம் நேராகத் தனக்கு வர வேண்டும், பிறகு முத்திரை வேண்டும். முத்திரையும் புத்தகமும் இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூட அறையில் இருக்கின்றன. ஆனால் அந்த நாட்டு விதிப்படி துறைமுக எல்லைக்குள்தான் முத்திரை குத்தலாம். முத்திரை குத்தும்வரை ஊழியர் கரையில் கால் வைக்கக் கூடாது. எல்லைக்குள் கூரையுள்ள ஓர் அறைகூட மிச்சமில்லை. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அன்று காலை முழுவதும் நான் வண்டிப்பாதையிலேயே ஊறிப்போயிருந்தேன். கிணற்றுக்குப் போக உரிமை உண்டென்றால் அதற்கொரு வழியும் உண்டு என்பதுதான் என் வாதம். அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்: துறைமுக எல்லை கரையோடு முடிகிறதா, தண்ணீரிலும் இருக்கிறதா?

தண்ணீரிலும் உண்டு, கப்பல் நங்கூரம் போட்டிருக்கும் இடம் எல்லைக்குள்தான் என்றார்.

அப்படியென்றால் முத்திரை அவரிடம் போகலாமே என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். நல்ல வாய்விட்ட சிரிப்பு. டாக்டரின் கடிதத்தை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அலுவலகத்துக்கு ஓடினேன். கருப்புக் கோட்டோடு நான் பஜாரில் ஓடியதைப் பார்த்தவர்கள் வழக்கில் ஏதோ விபரீதம் என்று நினைத்தார்களாம். அவள் கணவரைக் கூப்பிட்டாள். டாக்டரிடம் நேராகப் போய்க் கடிதம் கேளுங்கள் என்றேன். மேலதிகாரியைத் தாண்டி டாக்டரிடம் போய்க் கேட்க அவருக்குத் தயக்கம். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு போனார். இருபது நிமிடத்தில் திரும்ப அழைத்தபோது குரலே மாறியிருந்தது. டாக்டர் சனிக்கிழமையே கடிதம் எழுதி மேசையில் வைத்திருந்தாராம். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தாராம். அதற்குள் கப்பல் தலைவரும் என் கடிதத்தைப் படித்திருந்ததால் அவர் கையெழுத்தும் உடனே கிடைத்தது.

கடிதத்தை அனுப்பிவிட்டு நான் கோர்ட்டுக்குத் திரும்பினேன். குறுக்கு விசாரணை ஒன்றரை மணி வரை போயிற்று. என்ன கேட்டேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. நன்றாகக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வந்து பார்த்தால், அவள் மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெம்மிங் முடிந்து கொக்கியும் தைத்து முடித்திருந்தாள். இருவரும் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தோம். யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு மேல் வீடியோ அழைப்பு வந்தது. அவர் கப்பலின் ஓரத்தில், படகில் இறங்கும் படிக்கருகே நின்றிருந்தார். பக்கத்தில் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை போட்ட ஒரு பருமனான அம்மா, ஒரு தோல்பையை மார்போடு கட்டிப் பிடித்தபடி படகிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். அதிகாரி அவர்தான். ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பையிலிருந்து புத்தகம், மைப்பெட்டி, மரக்கைப்பிடி போட்ட முத்திரை எல்லாவற்றையும் எடுத்து மடியில் பரப்பினார். அலையில் கப்பல் லேசாக ஆட, முத்திரையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினார்.

அப்புறம் ஒரு சிக்கல். படிவத்தில் இவர் கையெழுத்துப் போட வேண்டும். வலது கைதான் கட்டுக்குள் இருக்கிறதே. இடது கையால் போட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதிகாரி படிவத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இங்கிருந்து, எங்கள் ஊரில் இடது கைப் பெருவிரல் ரேகை செல்லும், உங்கள் மைப்பெட்டி போதும் என்றேன். அவர் மைப்பெட்டியை நீட்டினார். இவர் விரலை அழுத்தி உருட்டினார்.

"டிப்ளமோ படிச்ச மனுசன் கைநாட்டு வெச்சிட்டாரு பாருங்க," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

படகுப் பயணத்தை முழுக்கக் காட்டினார். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் போட்ட பயணிகளுக்கு நடுவில் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவருக்கு மிட்டாய் உரித்துக் கொடுத்தார். ஜெட்டி நெருங்கியது. பாதி கான்கிரீட், பாதி புதுப் பலகை. பலகையில் கால் வைத்ததும் கைப்பேசியைக் கீழே திருப்பித் தன் செருப்பைக் காட்டினார். அவள் உடனே மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாமியார் கேட்டது ஒன்றுதானாம்: சாப்பிட்டானா?

அன்று மாலையே அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. கை அறுவை தெரிந்த டாக்டர் வாரத்தில் மூன்று நாள் அங்கே வருவார். செவ்வாய் அவருடைய நாள். இரண்டு மணி நேரம் தைத்தாராம். இவர் கண் விழித்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. அவருடைய பெட்டியை நண்பர்கள் கட்டி, படகில் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குள் ஒவ்வொரு நண்பரும் ஒரு சாக்லேட் வைத்திருந்தார்கள். ஆள் எடுத்த ஏஜெண்டின் தொனியும் மறுநாள் மாறிவிட்டது. மருத்துவமும் ஊர் திரும்பும் பயணமும் கம்பெனியின் பொறுப்பு என்று அவரே எழுதி அனுப்பினார். உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. இருந்தாலும் கேட்காமல் வந்தது எனக்குச் சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து பெங்களூரில் வந்திறங்கி, பஸ் பிடித்து தருமபுரி வந்து, ஊர் போய்ச் சேர்ந்தார். கையை உடனே அசைக்கக் கூடாது. பிறகு அசைக்காமல் இருக்கவும் கூடாது. தருமபுரியில் பயிற்சி கொடுத்த பெண், ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டுப் பிசையச் சொன்னாராம். இவர்கள் வீட்டில் ராகிதான் மூட்டையாக இருந்தது. குண்டானில் ராகியைக் கொட்டி, காலையும் மாலையும் அதற்குள் கையை விட்டு இறுக்கி இறுக்கி விடுவார். சிந்துகிற ராகியைக் கூட்டி அள்ளுவது அவர் அம்மாவின் வேலை. இந்த ராகியில் களி கிண்டினால் மருந்து வாசம் அடிக்கும் என்று அவர் திட்டிக்கொண்டே அள்ளுவாராம்.

ஆனி மாதம் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் நேரில் பார்க்க இன்னும் இளமையாக இருந்தார். மோதிர விரல் முழுதாக மடங்கியது. சுண்டு விரல் முக்கால்வாசி. ஒன்றும் வாங்கி வரவில்லை என்று சொல்லிவிட்டு, என் நாற்காலி முதுகில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கேட்டார். மேசையில் விரித்து, சுருட்டி, மடித்து, இழுத்து, ஐந்து நிமிடத்தில் ஒரு யானையை நிறுத்தினார். தும்பிக்கை கொஞ்சம் கோணல். கப்பலில் அறை சுத்தம் செய்பவர்கள் பயணிகளின் படுக்கையில் இப்படிச் செய்து வைப்பார்கள், பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றார். அந்த மடிப்பு ஒவ்வொன்றிலும் அவர் வலது கை வேலை செய்ததை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு மாதம் அந்த யானை என் பீரோ மேல் நின்றது. பிறகு தூசி பிடித்துவிட்டதென்று என் குமாஸ்தா துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.

பத்து மாதம் கழித்து அவர் மறுபடியும் கப்பலுக்குப் போனார், வேறு கம்பெனி. இந்த முறை துணிக்கிடங்கில் வேலை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் அதை என்னிடம் கொண்டுவந்து வரி வரியாகக் கேட்டாள். இரண்டு நாள் ஆயிற்று. பென்சில் கோடுகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டாள். எந்தக் கொடி, எந்த ஊரில் இறக்கிவிடுவார்கள், நோய் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்ட கேள்விகள் என் ஆய்வேட்டுத் தேர்வாளர்கள் கேட்டதைவிடக் கூர்மையாக இருந்தன.

இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். பெங்களூர் ஹோட்டல்களிலிருந்து அப்படியே போய்விடுகிறார்கள். செய்தி பரவி, ஒவ்வொருவராக ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். இப்போது அவள் வாரத்தில் இரண்டு நாள் என் அலுவலகத்துக்கு வருகிறாள். வருகிறவர்களோடு முதலில் உட்கார்ந்து படிப்பது அவள்தான். சந்தேகம் இருந்தால் மட்டும் என்னிடம் வரும்.

போன வாரம் இண்டூரிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்குக் கப்பல் சமையற்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு நூறு கேள்விகள். இவள் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் விரலை வைத்துக் காட்டிப் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அந்த மகள் தயங்கித் தயங்கி, கப்பல் ஆடினால் வாந்தி வரும் என்கிறார்களே, அதற்கு என்ன என்று கேட்டாள்.

"அதுக்கு சட்டத்துல ஒண்ணும் இல்ல கண்ணு," என்றாள் இவள். "எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டுப் போ."